லுக் ஃபார், லுக் ஆஃப்டர், லுக் இன்டு: ஆங்கில வினைகளைப் பழக ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் ஜூனியர் மெர்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் முதல் வருடம். இல்லையென்றால் பெருந்துறைப் பக்கத்திலிருந்து கோவை சரவணம்பட்டிக்கு ஐ.டி. வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழிப் படிப்பு. ஆங்கிலம் படித்தால் புரிகிறது, கிராமரும் ஓரளவு தெரியும். கம், கோ, புட், டேக், லுக் என்ற வினைகளில் தெரியாதது எதுவும் இல்லை. இன், ஆன், அப், ஆஃப், அவுட் ஆகியவையும் தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்து 'புட் ஆஃப்' என்றோ 'லுக் இன்டு' என்றோ வந்துவிட்டால் அர்த்தம் பிடிபடுவதில்லை. பேசும்போதோ, எந்தச் சின்னச் சொல்லைப் போடுவது என்று நாக்கு தயங்கி நிற்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். வினையைத் தனியாகவும் சின்னச் சொல்லைத் தனியாகவும் படிக்காதீர்கள். இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் நீங்கள் தினமும் புழங்கும் ஒரு பொருளோடு சேர்த்து, முழு வாக்கியமாகப் படியுங்கள். அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. சுவிட்சை அணைக்கும்போது சொல்கிறோமே, அந்தச் சொல்லை 'ஆஃப்' என்று எழுதியிருக்கிறேன். 'கப் ஆவ் டீ' என்பதில் வருவதை 'ஆவ்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு சொற்கள். உச்சரிப்பிலும் அந்த வித்தியாசம் உண்டு.

முதலில், எங்கே தடுக்குகிறது?

தமிழில் உருபு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது: ஈரோட்டுக்கு, ஈரோட்டில், ஈரோட்டிலிருந்து. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் பிரிபொசிஷன் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது: டு ஈரோடு, இன் ஈரோடு, ஃப்ரம் ஈரோடு. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். படித்ததோடு, 'க்கு' என்றால் 'டு', 'இல்' என்றால் 'இன்', 'ஓடு' என்றால் 'வித்', 'பற்றி' என்றால் 'அபவுட்' என்று மனதுக்குள் ஓர் அட்டவணையும் போட்டுக்கொண்டோம். தொல்லை அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல 'ஐ ரீச்டு டு ஈரோடு' என்கிறோம். விலையைப் பற்றி விவாதித்தோம் என்று சொல்ல 'வி டிஸ்கஸ்டு அபவுட் தி பிரைஸ்' என்கிறோம். அவரிடம் கேட்டேன் என்பதற்கு 'ஐ ஆஸ்க்டு டு ஹிம்'. மூன்றிலும் அந்தச் சின்னச் சொல் வேண்டாதது.

எது வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வினை. தமிழிலும் அப்படித்தான். நாயைப் பார்த்தான், நாய்க்குப் பயந்தான், நாயோடு விளையாடினான். பயத்துக்கு மட்டும் ஏன் 'க்கு' என்று யாரும் நமக்கு விளக்கியதில்லை. கேட்டுக் கேட்டு வாயில் படிந்தது. ஆங்கிலத்திலும் வெயிட் என்றால் ஃபார், டிபெண்ட் என்றால் ஆன், லிஸன் என்றால் டு என்று அந்தந்த வினைக்கு ஒன்று உண்டு.

வினையோடு இன்னொரு சொல் சேர்ந்து அர்த்தமே மாறிப்போவதும் நமக்குப் புதிதில்லை. 'பார்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தேடிப்பார் என்பது 'லுக் ஃபார்'. குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் 'லுக் ஆஃப்டர்'. எதிர்பார் என்பதில் ஆவலும் இருந்தால் அது 'லுக் ஃபார்வர்ட் டு'. விட்டுக்கொடு என்பதில் விடுவதையும் கொடுப்பதையும் கூட்டினால் அந்த அர்த்தம் வருமா? வராது. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது புரிகிறது. 'கிவ் இன்' என்பதும் அப்படிப் புரியவேண்டியதுதான். கிவ், இன் என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

அடுத்து, ஒட்டே வேண்டாத வினைகள்

இங்கே தொடங்கினால் குறைந்த உழைப்பில் நிறையப் பிழைகள் போய்விடும். டிஸ்கஸ், ரீச், என்டர், கான்டாக்ட், அட்டெண்ட், மேரி, ஆர்டர், ரிக்வெஸ்ட், ஆன்சர் ஆகிய வினைகளுக்குப் பின்னால் பொருளை நேராகப் போட்டுவிட வேண்டும். 'டிஸ்கஸ் தி பிரைஸ்', 'என்டர் தி ஆஃபீஸ்', 'கான்டாக்ட் தி சப்ளையர்', 'அட்டெண்ட் தி மீட்டிங்', 'ஆர்டர் தி யார்ன்'. நடுவில் எதுவும் வராது.

இவற்றில் நாம் தடுமாறுவதற்குத் தமிழ் மட்டும் காரணமில்லை. இதே சொற்கள் பெயராக வரும்போது ஆங்கிலத்திலேயே பிரிபொசிஷன் வந்துவிடுகிறது. 'வி ஹாட் எ டிஸ்கஷன் அபவுட் தி பிரைஸ்' சரி. 'யுவர் ஆர்டர் ஃபார் டூ தவுசண்ட் பீசஸ்' சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ சாம்பிள்' அதுவும் சரி. பெயராக இருக்கும்போது கேட்டுப் பழகியதை வினைக்கும் மாட்டிவிடுகிறோம். அதனால் மெயிலில் 'ஆர்டர்' என்று எழுதும்போது, இது பெயரா வினையா என்று ஒரு நொடி நின்று பாருங்கள். 'வி ஆர்டர்டு ஃபார் யார்ன்' என்று எழுதியிருந்தால் 'ஃபார்' என்பதை எடுத்துவிடுங்கள்.

இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட ஜோடியாகப் படிப்பது நல்லது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வினைகள். ஒன்றுக்கு ஒட்டு வேண்டாம், இன்னொன்றுக்கு வேண்டும். மெயிலுக்குப் பதில் போடுவதை எடுத்துக்கொண்டால், 'ஆன்சர் தி மெயில்', 'ரிப்ளை டு தி மெயில்'. விலை பேசுவதற்கு 'டிஸ்கஸ் தி பிரைஸ்', 'டாக் அபவுட் தி பிரைஸ்'. சாம்பிள் கேட்பதற்கு 'ரிக்வெஸ்ட் எ சாம்பிள்', 'ஆஸ்க் ஃபார் எ சாம்பிள்'. மேனேஜரோடு போனில் பேசுவதற்கு 'கால் தி மேனேஜர்', 'ஸ்பீக் டு தி மேனேஜர்'. ஒருவரிடம் சொல்வதற்கு 'டெல் ஹிம்', 'சே டு ஹிம்'.

ஊர் போய்ச் சேர்வதில் ஜோடி மூன்றாகிவிடும். 'ரீச் ஈரோடு', 'கெட் டு ஈரோடு', 'அரைவ் இன் ஈரோடு'. இதில் 'அரைவ்' கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஊர், நாடு என்றால் 'இன்'. ரயில் நிலையம், அலுவலகம் போன்ற ஓர் இடம் என்றால் 'அட்'. 'அரைவ் டு' என்பது எப்போதும் வராது.

மேரி என்ற வினைக்கு 'வித்' வேண்டாம். 'ஷி மேரீட் எ டாக்டர்'. ஆனால் நிலைமையைச் சொல்லும்போது 'ஷி இஸ் மேரீட் டு எ டாக்டர்' என்று 'டு' வரும். இங்கேயும் 'வித்' இல்லை.

எதிர்ப்பக்கத்தில், ஒட்டு அவசியமாக வேண்டும் என்ற இடத்தில் நாம் விட்டுவிடுவது 'எக்ஸ்ப்ளெய்ன்'. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ தி காஸ்டிங்' என்பது இங்கே அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும். 'எக்ஸ்ப்ளெய்ன் தி காஸ்டிங் டு மீ' என்பதே சரி. அப்புறம் 'கோப் அப் வித்'. 'மேனேஜ் பண்ணிக்கொள்' என்ற அர்த்தத்தில் நாம் சேர்க்கும் அந்த 'அப்' தேவையில்லை, 'கோப் வித் தி பிரஷர்' போதும்.

ஏற்கெனவே உங்கள் வாயில் இருப்பவை

புதிதாகப் படிக்கத் தொடங்கும் முன்னால், உங்களிடம் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் 'ஹோல்டான்' என்று கத்துகிறார். அது 'ஹோல்ட் ஆன்'. போனில் 'ஹோல்ட் ஆன்' என்றால் கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம். வண்டி 'பிரேக்டவுன்' ஆகிறது. ஆர்டரை 'ஃபாலோ அப்' பண்ணுகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து 'பிக்கப்' பண்ணச் சொல்கிறோம். ஷிப்ட் முடிந்ததும் அடுத்தவருக்கு 'ஹேண்ட் ஓவர்' பண்ணுகிறோம். மோட்டாரை 'ஆன்' பண்ணி 'ஆஃப்' பண்ணுகிறோம்.

தமிழில் 'பண்ணு' வந்து வினையாக்கிவிடுவதால் ஆங்கிலச் சொல் பெயராகவே நம்மிடம் இருக்கிறது. அதை ஆங்கில வாக்கியத்துக்குள் வினையாக நடக்கவிட வேண்டும். 'தி லாரி ஹாஸ் புரோக்கன் டவுன்.' 'ஐ வில் ஃபாலோ அப் வித் தி டையிங் யூனிட்.' 'கேன் யூ பிக் மீ அப் அட் தி பைபாஸ்?' 'பிளீஸ் ஹேண்ட் ஓவர் தி கார்ட்டன்ஸ் டு தி ஃபார்வர்டர்.' காலம் மாறும்போது மாறுவது வினை மட்டும். பிரேக் என்பது புரோக் ஆகும், புரோக்கன் ஆகும். டவுன் அப்படியே இருக்கும்.

உச்சரிப்பிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெயராகச் சொல்லும்போது அழுத்தம் முதல் பகுதியில் விழும்: 'எ பிரேக்டவுன்' என்பதில் 'பிரேக்' ஓங்கும். வினையாகச் சொல்லும்போது 'இட் புரோக் டவுன்' என்பதில் 'டவுன்' ஓங்கும். நாம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே கேட்பவருக்கு நீங்கள் சொல்வது சட்டென்று புரியும்.

'இட்' எங்கே உட்காரும்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வினையோடு வரும் சின்னச் சொற்களில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

முதல் வகையில் சின்னச் சொல் வினையைச் சேர்ந்தது, அதனால் பொருளைத் தாண்டியும் போய் நிற்கும். 'டர்ன் ஆஃப் தி மோட்டார்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி மோட்டார் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் மோட்டார் என்று சொல்லாமல் 'இட்' என்று சொன்னால் அது நடுவில்தான் வரவேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஹிம், ஹெர், தெம், மீ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'பிக் மீ அப்', 'கால் ஹிம் பேக்', 'ஹேண்ட் தெம் ஓவர்'. பொருள் நீளமாக இருந்தால் பிரிக்காமல் விடுவது நல்லது: 'டர்ன் ஆஃப் தி மோட்டார் நியர் தி ஓல்டு வெல்'. இவ்வளவு நீளத்தை நடுவில் செருகினால் கடைசியில் வரும் 'ஆஃப்' அநாதையாக நிற்கும்.

இரண்டாம் வகையில் சின்னச் சொல் பொருளுக்கு முன்னால் நிற்கும் பிரிபொசிஷன். அது இடம் மாறாது. 'லுக் ஆஃப்டர் தி சைல்டு', 'லுக் ஆஃப்டர் ஹெர்'. 'வெயிட் ஃபார் தி பஸ்', 'வெயிட் ஃபார் இட்'. 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று பிரிக்கவே முடியாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஆன், ஆஃப், அவுட் வரும் இடங்களில் அது பெரும்பாலும் கைகொடுக்கும். வேலை முடிந்தபின் அந்தப் பொருள் என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். மோட்டாரை அணைத்தபின் 'தி மோட்டார் இஸ் ஆஃப்'. விளக்கைப் போட்டபின் 'தி லைட் இஸ் ஆன்'. தீயை அணைத்தபின் 'தி ஃபயர் இஸ் அவுட்'. வாக்கியம் நிற்கிறது, அப்படியென்றால் முதல் வகை, பிரிக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொண்டபின் 'தி சைல்டு இஸ் ஆஃப்டர்' என்று சொல்ல முடியுமா? முடியாது. இது இரண்டாம் வகை.

காதால் அறியவும் வழி உண்டு. முதல் வகையில் சின்னச் சொல் அழுத்தமாக ஒலிக்கும்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்'. இரண்டாம் வகையில் வினை அழுத்தமாக ஒலிக்கும்: 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்'.

பஸ் ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் ஏறுவது மேலே போவது, இறங்குவது கீழே வருவது. அதனால் 'ஐ காட் டவுன் அட் காந்திபுரம்' என்று இயல்பாக வந்துவிடுகிறது. நம்மூரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்' என்பார்கள். 'கெட் ஆன் தி பஸ் அட் சிங்காநல்லூர் அண்ட் கெட் ஆஃப் அட் காந்திபுரம்.' ரயிலுக்கும் விமானத்துக்கும் இதேதான். கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்டு தி கார்', 'கெட் அவுட் ஆவ் தி கார்'. உள்ளே எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டிக்கு ஆன், ஆஃப். குனிந்து உள்ளே நுழைந்து உட்காரும் வண்டிக்கு இன், அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக்கும் சைக்கிளும் மேலே ஏறி உட்காருபவை என்பதால் ஆன், ஆஃப். தென்னை மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கும்போது 'கெட் டவுன்' பொருந்தும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு அதுவும் தேவைப்படும்.

பொள்ளாச்சி என்றதும் இன்னொன்று. 'குரோ' என்றால் விளைவித்தல், விளைதல். 'குரோ அப்' என்றால் மனிதர் வளர்ந்து ஆளாவது. 'வி குரோ கோகனட்ஸ் இன் பொள்ளாச்சி', 'ஐ க்ரூ அப் இன் பொள்ளாச்சி'. தென்னைக்கு 'அப்' சேர்க்கக் கூடாது. பிள்ளைகளை வளர்ப்பது 'பிரிங் அப்'. பல்லடத்தில் கோழி வளர்ப்பதற்கு அது வராது, 'ரெய்ஸ்' என்றோ 'ரியர்' என்றோ சொல்ல வேண்டும். கிணறு வற்றிப்போனால் 'தி வெல் ஹாஸ் டிரைட் அப்'.

ஏன் ஒரே விஷயத்துக்கு இரண்டு சொற்கள்?

பாடப் புத்தகத்தில் போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட், எக்ஸ்டிங்குயிஷ் படித்தோம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் பேசும்போது புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு, புட் அவுட் என்கிறார்கள். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் புழங்கியது. படிப்பிலும் சமயத்திலும் லத்தீன் இருந்தது. அந்த இரண்டிலிருந்தும் வந்த சொற்கள் எழுத்துக்கும் அலுவலுக்கும் உரியவையாக நின்றன. வீட்டிலும் வயலிலும் பேசிய பழைய குட்டை வினைகள் சின்னச் சொற்களோடு சேர்ந்து பேச்சில் தொடர்ந்தன. ஆகவே இரண்டும் சரிதான், இடம்தான் வேறு. ஒப்பந்தத்தில் 'போஸ்ட்போன்' எழுதுங்கள். போனில் 'புட் ஆஃப்' சொல்லுங்கள்.

இது அந்நியர்களுக்குக் கஷ்டம் என்பதை ஆங்கிலேயரே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டவரை மிகவும் திணறடிப்பது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதி, வரிசையாக உதாரணங்களும் தந்தார். அதில் ஒன்று 'செட் இன்'. தொடங்கி நிலைபெறுவது என்று அர்த்தம். இன்றும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது ஆங்கிலப் பத்திரிகைகளில் 'தி மான்சூன் ஹாஸ் செட் இன் ஓவர் கேரளா' என்று வரும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் காற்றும் சாரலும் வரத் தொடங்கும். அந்த வாரத்தில் ஆங்கிலப் பேப்பரை எடுத்து இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். மழையோடு சேர்த்துப் படித்தது மறக்காது.

சின்னச் சொல்லின் போக்கைப் பிடிப்பது

இதைக் கைவிளக்கு அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விதியாக நம்பவேண்டாம். 'அப்' பல இடங்களில் முழுவதும் முடிப்பதைக் காட்டும்: ஈட் அப், யூஸ் அப், ஃபில் அப். தமிழில் 'விடு' செய்யும் வேலை இது. சாப்பிடு, சாப்பிட்டுவிடு என்பதில் உள்ள வித்தியாசமே ஈட், ஈட் அப் என்பதில் இருக்கிறது. 'ஆஃப்' விலகுவதையும் அறுவதையும் காட்டும்: கட் ஆஃப், டேக் ஆஃப், பே ஆஃப். 'ஆன்' தொடர்வதைக் காட்டும்: கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன். 'டவுன்' குறைவதையும் நிற்பதையும்: கட் டவுன், ஸ்லோ டவுன், பிரேக் டவுன். 'ஓவர்' கைமாறுவதை: ஹேண்ட் ஓவர், டேக் ஓவர்.

பெட்ரோல் பங்கில் 'ஃபில் அப்' பண்ணுவது டேங்கை. படிவத்தை நிரப்புவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், எந்த நாடு என்று பார்த்துப் போடுங்கள்.

'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டையும் மட்டும் கண்டிப்பாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'தி பையர் ஹாஸ் புட் ஆஃப் தி ஷிப்மென்ட்' என்றால் தள்ளிப்போட்டிருக்கிறார். 'தி பையர் ஹாஸ் கால்டு ஆஃப் தி ஆர்டர்' என்றால் ரத்து செய்துவிட்டார். மெயிலைத் தப்பாகப் படித்து முதலாளியிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று திருப்பூரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் 'ஆஃப்' இருக்கிறது, வினைதான் பிரித்துக் காட்டுகிறது.

மூன்று சொல் சேர்ந்து வந்தால்

இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரிக்க முடியாது என்பதால் ஒரு வகையில் சுலபம். 'வி ஹாவ் ரன் அவுட் ஆவ் யார்ன்', நூல் தீர்ந்துவிட்டது. 'ஐ காண்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்', இந்தச் சத்தத்தைச் சகிக்க முடியவில்லை. 'வி வில் மேக் அப் ஃபார் தி டிலே', தாமதத்தை ஈடுகட்டிவிடுவோம். 'வி ஹாவ் டு கட் டவுன் ஆன் வேஸ்டேஜ்', வேஸ்டேஜைக் குறைக்க வேண்டும்.

சிக்கல் 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில்தான். மெயிலின் கடைசியில் 'வி லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதிவிடுகிறோம். 'டு' வந்தால் அடுத்து வினையின் மூல வடிவம்தான் என்று படித்திருக்கிறோம் அல்லவா? இந்த 'டு' அந்த 'டு' இல்லை. இது பிரிபொசிஷன், ஆகவே இதன் பின்னால் பெயர் வரவேண்டும் அல்லது 'இங்' சேர்ந்த வடிவம் வரவேண்டும்: 'வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. சந்தேகம் வந்தால் 'டு' என்பதற்குப் பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்' ஒத்துவருகிறது, அப்படியென்றால் 'இங்'. 'வான்ட் டு' என்பதன் பின்னால் 'யுவர் விசிட்' வைக்க முடியாது, அங்கே மூல வடிவம்.

இந்தியாவைத் தாண்டினால் மாறிப்போகும் சில

காலேஜ் முடித்ததைச் சொல்ல 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்கிறோம். வெளிநாட்டில் கேட்பவருக்கு முதலில் தோன்றும் அர்த்தம், மயங்கி விழுந்தது. 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' என்று சொல்லுங்கள். தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் 'பிரிபோன்' பல நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. 'பிரிங் ஃபார்வர்ட்' எல்லோருக்கும் தெரியும். 'பிளீஸ் ரிவர்ட் பேக்' என்பதற்கு 'பிளீஸ் கெட் பேக் டு மீ'. நமக்குள் எழுதிக்கொள்ளும்போது பழைய வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. வெளியே போகும் மெயிலில் மட்டும் மாற்றுங்கள்.

எப்படிப் பழகுவது?

ஒரு நோட்டு போடுங்கள். ஆனால் 'லுக் இன்டு: விசாரித்தல்' என்று எழுதாதீர்கள், அது பரீட்சையோடு போய்விடும். உங்கள் மேஜையில் நடப்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். ஓர் அலுவலகத்தில் இப்படி நடக்கலாம்:

"ஏனுங்கக்கா, ஷேட் வேரியேஷன் வந்திருக்குதுன்னு பையர் மெயில் போட்டிருக்காருங்க. பார்த்துட்டுச் சொல்றோம்னு எழுதோணும். 'வி வில் சீ'ன்னு போட்டுடட்டுங்களா?"

"அப்படிப் போட்டா, பார்க்கலாம் பார்க்கலாம்னு தட்டிக் கழிக்கிற மாதிரி இருக்கும் கண்ணு. 'வி வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ பை டுமாரோ ஈவினிங்'னு போடு."

அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் ஏற்றிவிடுங்கள். நாளைக்குத் துணி டையிங்கில் மாட்டிக்கொண்டால் 'தி ஃபேப்ரிக் இஸ் ஹெல்டு அப் அட் டையிங்'. சாம்பிளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் 'தி பையர் டர்ன்டு டவுன் தி சாம்பிள்'. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் நடத்தினால் 'வி கேரீட் அவுட் தி ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்'. ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் இருப்பவருக்கும் நாமக்கல்லில் லாரி ஆபீசில் இருப்பவருக்கும் வாக்கியங்கள் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். கடையில் விற்கும் நீளமான பட்டியல்களை வாங்கி 'ஏ' எழுத்திலிருந்து படிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். தேவைப்படாத சொல் மனதில் தங்காது.

அகராதி பார்க்கும்போது, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே போட்ட அகராதியைப் பாருங்கள். செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வினையின் பதிவுக்குக் கடைசியிலோ தனிப் பகுதியாகவோ அதன் சேர்க்கைகளைக் கொடுத்திருப்பார்கள். அதில் சம்திங், சம்பாடி என்ற சொற்களோ அவற்றின் சுருக்கமோ எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இருந்தால் பிரிக்கலாம். 'லுக் ஆஃப்டர் சம்பாடி' என்று கடைசியில் இருந்தால் பிரிக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு வகைக்கும் விடை அங்கேயே இருக்கிறது. ஒரே சேர்க்கைக்கு நாலைந்து அர்த்தம் கொடுத்திருந்தால் மிரள வேண்டாம். 'டேக் ஆஃப்' என்றால் விமானம் கிளம்புவதும் உண்டு, செருப்பைக் கழற்றுவதும் உண்டு, லீவு எடுப்பதும் உண்டு. உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தியதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். மற்றவை தேவைப்படும்போது வரும்.

போனில் பேசும்போது

மெயிலில் யோசித்துத் திருத்த நேரம் இருக்கிறது, போனில் இல்லை. அதனால் இந்தச் சில வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல 'குட் யூ ஹோல்ட் ஆன் எ மொமென்ட், பிளீஸ்?' இன்னொருவருக்கு லைனைக் கொடுக்க 'ஐ வில் புட் யூ த்ரூ டு மை மேனேஜர்'. குரல் கேட்கவில்லை என்றால் 'குட் யூ ஸ்பீக் அப் எ லிட்டில்?' லைன் கட் ஆகித் திரும்பக் கூப்பிடும்போது 'சாரி, வி காட் கட் ஆஃப்'. பிறகு அழைப்பதாகச் சொல்ல 'ஐ வில் கால் யூ பேக்'. இதில் 'யூ' நடுவில் வந்திருப்பதைப் பாருங்கள்.

எதிர்முனையில் வேகமாகப் பேசி நடுவில் இரண்டு சேர்க்கைகள் புரியாமல் போனால், புரிந்த மாதிரி 'எஸ், எஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். 'குட் யூ கோ ஓவர் தட் எகெய்ன், பிளீஸ்?' என்று கேளுங்கள். திரும்பச் சொல்லும்போது அநேகமாக மெதுவாகச் சொல்வார்கள், வேறு சொற்களையும் போட்டுச் சொல்வார்கள். 'வி ஆர் புட்டிங் இட் ஆஃப்' என்று முதலில் சொன்னவர் இரண்டாம் தடவை 'வி ஆர் போஸ்ட்போனிங் இட்' என்று சொல்லக்கூடும். போனை வைத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.